அரை சென்டிமீட்டர் மீதி

கத்தரிக்கோலைத் திறந்து பிடித்தபடி அப்பா சொன்னார்: "இறுக்கிப் பிடி. நடுவுல விட்டுடாதே."

நான் ஸ்வெட்டரின் கையை மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து இழுத்துப் பிடித்தேன். தோளை ஒட்டி இரண்டு வரிசை மெஷின் தையல் ஏற்கெனவே ஓடியிருந்தது. அது இல்லாமல் பின்னல் துணியில் கத்தரி வைத்தால் கண்ணி கண்ணியாக அவிழ்ந்துவிடும். தையலுக்கு வெளியே ஒரு நூல் அகலம் விட்டு வெட்டினார். கை தனியாக வந்து என் மடியில் விழுந்தது. கருநீலக் கம்பளி. முழங்கை பக்கம் எத்தனை துவைத்தும் போகாத எண்ணெய்க் கறை.

"இது உங்க எஞ்சின் ரூம் ஸ்வெட்டர் ஆச்சே?"

"ஆமா. இப்ப என் வயிறு அதுக்குள்ள போக மாட்டேங்குது."

"யாருக்குத் தைக்கறீங்க?"

"கால் இருக்கறவங்களுக்கு."

அது ஞாயிற்றுக்கிழமை. புதன்கிழமை அவர் இறந்துபோனார்.

அப்பா பெயர் ஹால்டோர். வயது எழுபத்து மூன்று. மோலோய் துறைமுகத்திலிருந்து எதிர்க்கரைத் தீவுகளுக்குப் போகும் கார் படகில் எஞ்சின் பார்த்தவர். அம்மா இறந்த வருடம், அவளுடைய துணிகளை இரண்டு பையில் போட்டுக்கொண்டு பழைய துணிக் கடையில் கொடுக்கப் போனார். நான்கு பையோடு திரும்பி வந்தார். "எல்லாம் நல்ல கம்பளி, யோருன். பெரிய ஆளுங்க போட்டுக் கழிச்சது. ஒரு கையில ஒரு குழந்தையே நிக்கலாம்" என்று போனில் சொன்னார். அம்மாவின் தையல் மெஷினை அன்று மாலையே கழற்றி, ஊசி மருந்து போடும் குழலால் எண்ணெய் விட்டு, மறுபடி பூட்டினார். அதுவரை அவர் தைத்தது எஞ்சினுக்குப் போர்த்தும் தார்ப்பாய் மட்டுமே.

பெரியவர்களின் ஸ்வெட்டரிலிருந்து குழந்தைகளுக்குக் கால்சட்டை தைப்பார். ஸ்வெட்டரின் இரண்டு கைகளும் கால்சட்டையின் இரண்டு கால்கள். கீழ் விளிம்பின் இழுவைப் பட்டி இடுப்பு. கழுத்துப் பட்டி மிஞ்சினால் அது ஒரு தொப்பி. படுக்கை உறைகளில் கவுன், திரைச்சீலையில் பிறந்தநாள் கிரீடம். கிரீடத்துக்குப் பின்னால் எலாஸ்டிக் வைப்பார். "தலையும் வளருது இல்லையா?"

தைக்கும்போது காதுக் கவசம் போட்டுக்கொள்வார். எஞ்சின் அறைப் பழக்கம். அந்த மெஷின் பூனை அளவுக்குத்தான் சத்தம் போடும். ஆனாலும் கவசம் இல்லாமல் கை ஓடாது. அதனால் வாசல் மணி கேட்காது; தெரிந்தவர்கள் தோட்டத்தைச் சுற்றி வந்து சமையலறை ஜன்னலைத் தட்டுவார்கள். நெற்றியில் விளக்கு. காபி பிளாஸ்கில். கேத்தல் இருக்கும் இடம் மூன்றடி தூரம், அப்படியும் பிளாஸ்க். ஜிப் ஒன்றைத் தைத்து முடித்தால் ஐம்பது முறை இழுத்துப் பார்ப்பார், வாயால் எண்ணிக்கொண்டே. நான் பாலங்களில் விரிசல் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். எங்கள் சோதனைகூட இவ்வளவு கறார் இல்லை.

ஒவ்வொரு கால்சட்டையிலும் உள்பக்கம் ஒரு பை வைப்பார். வெளியே தெரியாது. கேட்ட பெற்றோர்களிடம், "கல்லுக்கு" என்பார். குழந்தைகள் கூழாங்கல் பொறுக்குவார்கள், அதை வைக்க இடம் வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

பிறகு, மடிப்பு. எந்தக் காலையும் குழந்தையின் அளவுக்கு அவர் விட்டதில்லை. நான்கு சென்டிமீட்டருக்கு ஒரு மடிப்பாக இரண்டு மடிப்பு உள்ளே மடித்து, சிவப்பு நூலால் ஓட்டுத்தையல் போடுவார். நூலைப் பிடித்து இழுத்தால் கால் நீளும். "இன்னிக்கு அளவெடுத்து நாளைக்குக் குடுத்தா அதுக்குள்ள வளந்திருக்கும் சனியன்" என்று பாசமாகத் திட்டுவார்.

அந்த மடிப்புதான் அவரைப் பாடாய்ப் படுத்தியது.

ஓஷில்ட் எங்கள் தெருவின் கடைசி வீட்டுக்காரர். எண்பது தாண்டியவர். கணவர் ஐனார் மீன்பிடி படகில் வேலை பார்த்தவர். ஆள் நெடுநெடுவென்று இருப்பார். அவர் இறந்த பிறகு ஓஷில்ட் வீட்டை ஒழித்தபோது, வைத்துக்கொள்ள ஒரு கறுப்புப் பை, கொடுத்துவிட ஒரு கறுப்புப் பை என்று கட்டினார். மாற்றிக் கொடுத்துவிட்டார். ஐனாருக்கென்று அவரே பின்னிய ஸ்வெட்டர் கடைக்குப் போனது. கடையில் முதல் ஆளாக நிற்கிறவர் என் அப்பா.

இரண்டு மாதம் கழித்து, கூட்டுறவுக் கடையில் பால் எடுக்கும் இடத்தில், தன் பின்னலை ஒரு மூன்று வயதுப் பெண்ணின் காலில் ஓஷில்ட் பார்த்தார். எட்டு முனை நட்சத்திரங்கள் வரிசையாக. இடது காலில் மூன்றாவது நட்சத்திரத்துக்கு ஏழே முனை. புயலில் ஐனாரின் படகு வரத் தாமதமான அன்று பின்னியது. எண்ணிக்கை தவறிவிட்டது, பிரிக்க மனம் வரவில்லை. அந்தப் பிழை இல்லாவிட்டால் அடையாளம் தெரிந்திருக்காது என்று பிறகு சொன்னார்.

அவர் வந்து சமையலறை ஜன்னலைத் தட்டியபோது நான் இருந்தேன்.

"ஹால்டோர், நீ ஐனாரை வெட்டிட்டியேப்பா."

அப்பா காதுக் கவசத்தைக் கழற்றினார். விஷயம் முழுக்கக் கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இப்பவே போய் வாங்கிட்டு வர்றேன். அது ரசாவோட பொண்ணு, உக்னே. மீன் ஆலையில வேலை பாக்கற லித்துவேனியாக்காரங்க. நல்ல மாதிரி. சொன்னாப் புரியும்."

"வேணாம். குழந்தை கால்லேருந்து உருவறதா? வெளியில மழை கொட்டுது." ஓஷில்ட் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "வளந்து பத்தாமப் போகுமில்ல, அப்போ வாங்கிக் குடு. எவ்வளவு நாள் ஆகிடப்போகுது?"

மடிப்பு வைத்தவருக்குத் தெரியும் எவ்வளவு நாள் ஆகும் என்று.

அன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை டேப்பை எடுத்துக்கொண்டு ரசா வீட்டுக்குப் போவார். உக்னேயைச் சுவரோரம் நிற்க வைத்துக் காலை அளப்பார். அவள் உள்பையிலிருந்து கல்லை எடுத்து ஒவ்வொன்றாக அவர் கையில் வைப்பாள். எண்களை ஃப்யூஸ் பெட்டிக் கதவின் உள்பக்கம் பென்சிலால் எழுதினார்: 39. 41. 42.5. 44. 46. 47.5. மேலே கோடு போட்டு, 48. மடிப்பெல்லாம் பிரித்தபின் கால்சட்டையின் முழு நீளம் அது.

தெருவில் பார்க்கும்போதெல்லாம் ஓஷில்ட் கேட்பார்.

"என்ன ஹால்டோர், அந்தப் பொண்ணுக்குச் சோறு கீறு போடறாங்களா இல்லையா?"

"போடறாங்க. அவ பக்கவாட்டுலயும் வளரணுமில்ல?"

"உன் மடிப்பு முடியறதுக்குள்ள நான் போய்ச் சேந்துடுவேன் போலிருக்கு."

"போக மாட்டே. கணக்குப் போட்டுத்தான் மடிச்சிருக்கேன்."

சிரிப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் அப்பா ஃப்யூஸ் பெட்டிக் கதவைத் திறந்து எண்களைப் பார்ப்பார். ஒருமுறை என்னிடம், "ஒரு மடிப்போட நிறுத்தியிருக்கலாம்" என்றார். நான் ஏதோ அலுவலக மெயிலுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிறு நான் கிளம்பும்போது, "அடுத்த வாரம் பெர்கன் வர்றேன். உன் வீட்ல ஒரு நாள் தங்கறேன்" என்றார். ஊர் சுற்ற வருகிறார் என்று நினைத்தேன். அவர் இறந்தபின் ரொட்டி டப்பாவுக்குக் கீழே பெர்கன் மருத்துவமனைக் கடிதம் கிடைத்தது. இதய வால்வு அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். படியேறும்போது அவர் இரண்டு முறை நின்றதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்ததோடு சரி.

அந்தப் புதன்கிழமை பழைய துணிக் கடையில், கம்பளி அடுக்கின் முன்னால் அவர் நின்றிருந்தார். கடைப் பெண் சொன்னாள்: "ஒரு பச்சை ஸ்வெட்டரைத் திருப்பி உள்தையலைப் பாத்துட்டிருந்தாரு. 'யாரு தைச்சதோ, அவசரக்காரன்'னாரு. அப்புறம் உக்காந்தாரு."

அடக்கம் முடிந்து ஐந்து நாள் ஆகிறது. நேற்று ஜன்னலைத் தட்டினார்கள். ஓஷில்ட். கையில் ஒரு தட்டு அப்பம், மேலே துணி மூடியிருந்தது. காபி போட்டேன். பிளாஸ்கில்தான் ஊற்றினேன், ஏனென்று தெரியவில்லை.

அவர் வாசல் கதவின் கைப்பிடியில் தொங்கும் பையைப் பார்த்தார். நான் அதைத் தொடாமல் வைத்திருந்தேன். மேலே ஒட்டிய தாளில் அப்பாவின் எழுத்து: உக்னே, வியாழன். அவர் இறந்ததற்கு மறுநாள்.

"பிரிச்சுப் பாத்தியா?"

"இல்ல."

ஓஷில்ட் பையை மேசைக்குக் கொண்டுவந்தார். உள்ளே கருநீலக் கால்சட்டை, முழுக்கத் தைத்து முடித்தது. திங்கள், செவ்வாய் இரண்டே நாளில் முடித்திருக்கிறார். உள்பை இருந்தது. கால்களில் இந்தத் தடவை மூன்று மடிப்பு, சிவப்பு நூல். எண்ணெய்க் கறை முழங்காலுக்கு வந்திருந்தது. மீதி அரை சென்டிமீட்டர் முடியட்டும் என்று காத்திருக்கத் தனக்கு நேரம் இருக்காது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இதைக் கொடுத்துவிட்டு அந்த நட்சத்திரக் கால்சட்டையை வாங்கிவரப் போயிருப்பார்.

கால்சட்டைக்குக் கீழே, மடித்து வைத்த ஒரு காலிக் காகிதப் பை. அதில் எழுதியிருந்தது: ஓஷில்ட்.

அவர் அதைப் பார்த்தார். பிறகு நீலத் துணியில் கை வைத்துக் கேட்டார்.

"இது அவனோட எஞ்சின் ரூம் ஸ்வெட்டர் இல்ல?"

"ஆமா."

"வேற இருக்கா, அவன் போட்டது?"

"கம்பளியில இல்ல. இது ஒண்ணுதான்."

"வெட்டும்போது யாரு பிடிச்சது?"

"நான்தான்."

கல் எங்காவது இருக்கிறதா என்று பார்ப்பதுபோல ஓஷில்ட் உள்பைக்குள் விரலை விட்டுத் துழாவினார். ஒன்றும் இல்லை. கால்சட்டையை மடிப்புக் கலையாமல் மடித்து என் மடியில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கை விழுந்த அதே இடம்.

"நாளன்னிக்கு வியாழக்கிழமை" என்றேன். "ரசா வீட்ல இருப்பாங்க. நான் போயிட்டு வர்றேன்."

"அளவு என்ன ஆச்சு?"

"நாப்பத்தேழரை."

"அப்ப இன்னும் அரை இருக்கு. அதுவரைக்கும் இது உங்கிட்டயே இருக்கட்டும்."

எழுந்துகொண்டார். தன் பெயர் எழுதிய காலிப் பையை மட்டும் எடுத்து, அப்பா மடித்த தடத்திலேயே நான்காக மடித்து, கைப்பைக்குள் வைத்து மூடினார்.