அண்ணி கேட்ட சின்ன டர்போ

எங்கள் லிஃப்ட் சர்வீஸ் கம்பெனியில் அவருக்கு 'இன்னொருதரம்' என்று பெயர். வேலை முடிந்து எல்லோரும் ஸ்பேனரைப் பைக்குள் போட்ட பிறகு, "இன்னொரு தரம் பாத்துடலாமே" என்பார். பிரேக்கைப் பார்ப்பார். இரும்பு வடத்தைத் துணியால் பிடித்துத் தடவிப் பார்ப்பார். கதவு மூடும்போது நடுவில் கையை நீட்டி, அது திரும்பத் திறக்கிறதா என்று பார்ப்பார். பசி வயிற்றைக் கிள்ளும் அந்த நேரத்தில் அவரை மனதுக்குள் திட்டாத நாள் எங்களுக்குக் கிடையாது. ஆனால் அவர் கை வைத்த லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது என்று ஒரு போன் வந்ததில்லை.

அவரோடு ஒரே வேனில் பல வருடம் சுற்றியவன் நான். அவரை அண்ணன் என்றும் அவர் மனைவியை அண்ணி என்றும் கூப்பிடுவேன். இதில் பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதி, மொட்டை மாடி மெஷின் ரூம்களில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் வாயால் கேட்டது.

அண்ணி டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நாள் முழுக்கப் பயந்தவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதித்து மிதித்தே முட்டி தேய்ந்துவிட்டது என்று சிரிப்பார். பகலெல்லாம் ஆமை வேகம். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவிக்கொண்டு இன்னொரு வண்டியை எடுப்பார். இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு படுத்தாற்போல இருக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. பார்க்கிறவர்கள் அண்ணனுடைய ஆசை என்று நினைத்துக்கொள்வார்கள். ஆசை அண்ணியுடையது. அண்ணன் பக்கத்து சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு போகிறவர்.

அந்த வண்டியில் ரோட்டரி எஞ்சின். மற்ற வண்டிகளில் பிஸ்டன் மேலும் கீழும் குதிக்கும். இதில் முக்கோணம் போல ஒரு ரோட்டர் வட்டமடிக்கும். அதனால் சத்தமே வேறு. உறுமாது, ரீங்காரம் போடும். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, காற்றைத் திரும்ப உள்ளே திணிக்கும் டர்போக்கள் இரண்டு அதில் இருந்தன. முதலில் ஒன்று வேலை செய்யும், வேகம் ஏறியதும் இன்னொன்று சேர்ந்துகொள்ளும். மிதித்த மாத்திரத்தில் வண்டி கிளம்பும். அதுதான் அண்ணிக்குப் பிடித்தது.

ஒரு சாயங்காலம் மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி நீலப் புகையாகக் கக்கிவிட்டு இழுவையை விட்டது. அண்ணியின் தம்பிக்கு ஊரின் எல்லையில் ஒரு ஒர்க்‌ஷாப் இருக்கிறது. அங்கே கட்டி இழுத்துப் போனார்கள். தம்பி பிரித்துப் பார்த்துவிட்டு, ஒரு டர்போ போய்விட்டது, மற்றதும் போகிற நிலையில் இருக்கிறது, வண்டிக் கம்பெனியில் இதெல்லாம் இப்போது செய்வதில்லை, இரண்டையும் எடுத்துவிட்டு வெளியே கிடைக்கிற ஒற்றை டர்போவைப் போட்டுவிடலாம் என்றார். சின்னது போட்டால் மிதித்தவுடன் இழுக்கும், உச்ச வேகத்தில்தான் கொஞ்சம் மூச்சு வாங்கும். பெரியது போட்டால் மிதித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், வந்ததென்றால் பிடரியில் அறைந்தாற்போல வரும்.

அண்ணி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"சின்னது போதும். நான் என்ன ரேஸுக்கா போறேன்? மிதிச்சா வரணும், அவ்வளவுதான்."

அண்ணன் கன்னத்தைச் சொறிந்துகொண்டு, "விசாரிச்சு சொல்றேன் மாப்ள" என்றார்.

அவர் விசாரித்த விதத்தை நான்தான் பார்த்தேன். மெஷின் ரூமில் ஒரு கையில் சாப்பாடு, ஒரு கையில் போன். சின்ன டர்போ போட்டவன் ஒருவன், புகை வெளியேற வழியில்லாமல் எஞ்சின் சூடாகிவிடும் என்று எழுதியிருப்பான். பெரியது போட்டவன் ஒருவன், ரோட்டரின் மூலைகளில் இருக்கும் மெல்லிய சீல் உடைந்துவிட்டது என்று படம் போட்டு அழுதிருப்பான். இரண்டுக்கும் நடுவில் ஒன்று போட்டவன், இரண்டு பக்கமும் கெட்டது என்பான். எந்த பேரிங், டர்போவைச் சுற்றியிருக்கும் உறை எந்த அளவு, எந்தக் கம்பெனி என்று அண்ணன் என்னிடமே கேட்பார். என்னிடம் இருந்தது ஒரு ஸ்கூட்டர்.

வீட்டில் அண்ணி கிண்டல் செய்வாராம். "என்னைக் கட்டிக்கிறதுக்குக்கூட நீங்க இவ்வளவு யோசிக்கலையே" என்று. அப்போது எல்லோருக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது.

அந்த நாட்களில்தான் அண்ணி கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்ள ஆரம்பித்தார். டம்ளருக்குப் பக்கத்தில் தண்ணீர் ஊற்றினார். வேலைக் களைப்பு என்று விட்டுவிட்டார்கள். ஒருநாள் பாடம் நடக்கும்போது, ஓரத்திலிருந்து ஒரு சைக்கிள் குறுக்கே வந்திருக்கிறது. பிரேக் போட்டது, ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த பெண். அண்ணி அந்த சைக்கிளைப் பார்க்கவே இல்லை. அன்றைக்கே கண் டாக்டரிடம் போனார். விழித்திரை ஓரத்திலிருந்து செத்துக்கொண்டு வருகிறது, குழாய் வழியாகப் பார்ப்பதுபோலப் பார்வை குறுகிக்கொண்டே போகும், நிறுத்த மருந்தில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பகலில், தெரிந்த ரோட்டில், இப்போதைக்கு ஓட்டலாம். அடுத்தடுத்த பரிசோதனையில் ஒருநாள் கூடாது என்று சொல்ல வேண்டிவரும்.

யாரும் சொல்வதற்கு முன்னால் அண்ணியே பாடம் எடுப்பதை விட்டார். பிறத்தியார் உயிரோடு விளையாட மாட்டேன் என்று சொல்லி, டிரைவிங் ஸ்கூலில் கரும்பலகை முன்னால் நின்று சாலை விதி சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு மாறிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பஸ்ஸில் அண்ணி அண்ணனிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "வண்டிய சீக்கிரம் முடிச்சுக் குடுங்க. முடியுற வரைக்கும் ஓட்டிக்கிறேன்."

வேறு யாராக இருந்தாலும் மறுநாளே ஏதோ ஒன்றை வாங்கி மாட்டியிருப்பார்கள். அண்ணனுக்கு அது நேர்மாறாக வேலை செய்தது. இனிமேல் அவள் ஓட்டப்போகிற வண்டி இது ஒன்றுதான், இதில் ஒரு தப்பும் நடக்கக்கூடாது என்று அவர் மனதில் உட்கார்ந்துவிட்டது. முன்பு சாப்பாட்டு நேரத்தில் மட்டும் படித்தவர், இப்போது வேனிலும் படித்தார். தம்பி ஒரு கடையில் நல்ல சின்ன டர்போ ஒன்றைப் பார்த்துச் சொல்லி வைத்திருந்தார். அண்ணன் ஒரு வாரம் பொறுக்கச் சொன்னார், பிறகு இன்னொரு வாரம். கடைக்காரர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்.

தம்பி அன்றைக்கு எங்கள் வேன் நின்ற இடத்துக்கே வந்தார். கோபப்படவில்லை. "அக்கா கேட்டது அதுதானே மாமா? அப்புறம் எதுக்கு இவ்வளவு யோசனை?" என்று மட்டும் கேட்டார். அண்ணன், சூடு, சீல், உறை அளவு என்று ஏதேதோ விளக்கினார். தம்பி கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அண்ணன் யாரையோ பிடித்து, பெரிய டர்போ போட்ட இதே மாதிரி வண்டியில் ஒரு தரம் உட்கார்ந்து போய்விட்டு வந்தார். வேலைக்கு வரும்போது முகமே மாறியிருந்தது. சீட்டோடு சேர்த்து அமுக்கியதாம், வானம் முன்னால் ஓடி வந்ததாம். அவள் இதை ஒரு தடவை அனுபவிக்க வேண்டாமா என்று என்னிடம் கேட்டார். நான் தலையாட்டினேன். அண்ணியிடம் அவர் கேட்கவில்லை. கேட்டால் சின்னது போதும் என்பாள், அவளுக்குத் தனக்கென்று ஆசைப்படவே தெரியாது என்று இவராக முடிவு செய்துகொண்டார்.

பெரிய டர்போ தனியாக வரவில்லை. அதற்கேற்ற பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், காற்றைக் குளிர்விக்கிற பெரிய கூலர் எல்லாம் வேண்டியிருந்தது. இவ்வளவு அழுத்தத்தைப் பழைய எஞ்சின் தாங்குமா என்று திறந்து பார்த்ததில், சீல்கள் தேய்ந்திருந்தன. எஞ்சினைக் கழற்றி மேஜையில் வைத்தார்கள். உதிரி பாகம் கப்பலில் வருகிறது என்றார்கள். வெயில் காலம் போய் மழைக்காலம் வந்தது.

அண்ணி ஸ்கூல் முடிந்து சில நாள் ஒர்க்‌ஷாப்புக்கு வருவார். எஞ்சின் இல்லாத வண்டியின் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு தம்பியோடு பேசிக்கொண்டிருப்பார். பேச்சோடு பேச்சாகக் கை கியரை மாற்றிக்கொண்டே இருக்கும். எப்போது முடியும் என்று அவர் கேட்டதே இல்லை. "ஒரு நாள் அவ சத்தம் போட்டிருந்தா எனக்கு உறைச்சிருக்கும்" என்று அண்ணன் பின்னால் சொன்னார். சொன்னவரே, "அதுவும் அவ தப்பு மாதிரி சொல்றேன் பாரு" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

ஒருவழியாக வண்டி தயாரானது. விடுமுறை நாள் காலை, ஒர்க்‌ஷாப் பக்கத்தில் கிடங்குகளுக்கு நடுவில் போகும் அகலமான ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லை. அண்ணன் என்னையும் வரச் சொல்லியிருந்தார். அண்ணி வண்டிக் கண்ணாடிகளைச் சரிசெய்தார். அப்படியும் இருபக்கமும் தலையை முழுதாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அண்ணன் பக்கத்து சீட்டில். நானும் தம்பியும் வாசலில் நின்றோம்.

வண்டி மெதுவாகப் போனது. அண்ணி பழைய நினைப்பில் மிதித்தார். ஒன்றும் வரவில்லை. இன்னும் மிதித்தார். அப்போது அந்தப் பெரிய டர்போ விழித்துக்கொண்டது. ஒரு விசில் சத்தம், வண்டியின் பின்பக்கம் ஒரு பக்கமாக இழுத்தது. ஓரப் பார்வை இல்லாத மனுஷிக்கு ரோடு எந்தப் பக்கம் போனது என்று தெரிந்திருக்காது. ஆனால் கை தெரிந்த கை. நேராக்கி, வேகத்தைக் குறைத்து, ஓரமாக நிறுத்திவிட்டார்.

நாங்கள் ஓடிப்போனபோது அண்ணி ஸ்டீயரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தார். அண்ணன் என்னென்னவோ சொன்னார். கொஞ்சம் பழகிக்கொண்டால் போதும், அழுத்தத்தைக் குறைத்து வைக்கலாம் என்று. அண்ணி சீட் பெல்ட்டைக் கழற்றினார்.

"நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க. ஆனா இது என் வண்டி இல்லைங்க."

இறங்கி, வண்டியின் முன்பக்கத்தைக் கையால் தொட்டுக்கொண்டே சுற்றி வந்து மறுபக்கக் கதவருகே நின்றார். அண்ணன் இறங்கி இடம் மாறிக்கொண்டார்.

அடுத்த பரிசோதனையில் இனி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அண்ணியே போய் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அங்கே கவுன்டரில் இருந்தவர் அண்ணியிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவராம். அவர் எழுந்து நின்றுவிட்டதாகக் கேள்வி.

பெரிய டர்போவை, கேட்ட முதல் ஆளிடம் தம்பி தள்ளிவிட்டார். அண்ணன் சின்னது ஒன்றை வாங்கி வரச் சொன்னார். எந்தக் கம்பெனி, எந்த உறை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எஞ்சின் முன்பே செய்து வைத்ததுதானே, சீக்கிரமே வேலை முடிந்துவிட்டது. இவ்வளவு கொஞ்ச நாளில் முடிகிற வேலை என்று தெரிந்ததும் அவர் ஒர்க்‌ஷாப்பின் பின்பக்கம் போய்க் குழாயடியில் ரொம்ப நேரம் கை கழுவிக்கொண்டிருந்தார் என்று தம்பி சொன்னார்.

முதல் நாள் அண்ணன் ஓட்ட, அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து போனார். மேம்பாலத்தில் ஏறும்போது அண்ணன் மிதித்திருக்கிறார். மிதித்ததும் வண்டி கிளம்பியிருக்கிறது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டு அந்த ரீங்காரத்தைக் கேட்டபடியே, "இப்படித்தான் இருக்கும்" என்றாராம்.

அண்ணனுக்குத் தாங்கவில்லை. "அன்னிக்கே இதைப் போட்டிருக்கணும்" என்றார்.

பரவாயில்லை விடுங்க என்று அவள் சொல்லிவிடுவாள் என்று காத்திருந்ததாக அவர் என்னிடம் சொன்னார். இத்தனை வருடமும் எல்லாவற்றுக்கும் அப்படித்தானே சொல்லியிருக்கிறாள்.

"ஆமா," என்றார் அண்ணி. "போட்டிருக்கணும்."

இதை அண்ணன் என்னிடம் சொன்னது ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தின் மேலே. சொல்லிவிட்டு, "அவ பொய் சொல்லாம இருந்தது நல்லதுதான்" என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் நல்லதாகத் தெரியவில்லை. நான் சாப்பாட்டைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

இப்போதும் சாயங்காலங்களில் அவர்கள் அந்த வண்டியில் போகிறார்கள். அண்ணன் ஓட்டுகிறார். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எப்போது கியர் மாற்ற வேண்டும் என்று அண்ணிக்குத் தெரியும். தாமதித்தால் கையை நீட்டி அவர் முழங்கையில் தட்டுவார். அவரும் மாற்றுவார். சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரர்கள் கண்ணாடியை இறக்கி, நல்ல வண்டி சார், யாருக்கு இந்த ஆசை என்று கேட்பதுண்டு. இவளுக்கு என்று அண்ணன் கையைக் காட்டுவாராம். பச்சை விழுந்ததும் அவர் சட்டென்று கிளம்ப மாட்டார். இருபக்கமும் பார்த்துவிட்டு, பின்னால் நிற்பவன் ஹாரன் அடித்த பிறகுதான் மிதிப்பார். அண்ணி அதற்கு மட்டும் அவர் முழங்கையில் தட்டுவதில்லை.