எதிர்வீட்டு காரேஜில் ஓட்டு

தபாலில் வந்த வாக்குச்சீட்டைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு, வாஷிங் மெஷினிலிருந்து துணி எடுக்க காரேஜுக்குப் போனேன். எஞ்சின் ஆயிலும் சோப்புத்தூளும் கலந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு மறுபடி ஒன்பது வயதாகிவிட்டது.

எண்பதுகளில், சான்டா கிளாராவில் எங்கள் தெருவுக்கு வாக்குச்சாவடி எதிர்வீட்டு ஆன்ட்டியின் காரேஜ்தான். இத்தனை பெரிய நாட்டை ஆளப்போகிறவரை வாஷிங் மெஷினுக்கும் சைக்கிளுக்கும் நடுவே நின்று தேர்ந்தெடுத்தார்கள். போலீஸ் இல்லை, மைக் இல்லை. ஊசி போன்ற குச்சியால் வாக்குச்சீட்டு அட்டையில் துளையிடும் ‘டக் டக்’ சத்தம் மட்டும்தான்.

சிட்டிசன் ஆன பிறகு அப்பாவுக்கு அதுதான் முதல் ஓட்டு. காரேஜ் வாசலில் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். எனக்கு மானம் போயிற்று.

“டாடி, ப்ளீஸ்! நோபடி டஸ் தட்!”

“நம்ம தலையெழுத்த நாமளே எழுதற இடம்மா. ஷூவோட எப்படி உள்ள போறது?”

திரும்பினால், வரிசையில் எங்களுக்குப் பின்னால் அப்பாவின் மேனேஜர். அவர் போன் வந்தாலே அப்பா எழுந்து நின்றுதான் பேசுவார். இப்போதும் பதறி விலகினார்.

“சார், யூ கோ ஃபர்ஸ்ட்.”

“நோ, நோ. யூ வேர் ஹியர் ஃபர்ஸ்ட்.”

அப்பா ஓட்டுப் போட்டு முடிக்கும்வரை அந்த மேனேஜர் காத்திருந்தார். நாங்கள் வெளியே வந்தபோது, அப்பாவின் ஷூவுக்குப் பக்கத்தில் பளபளவென்று இன்னொரு ஜோடி இருந்தது.

இன்று எனக்கு வரிசையும் இல்லை, சாவடியும் இல்லை. ஆனாலும் காரேஜ் செருப்பைக் கதவோரம் விட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.