பாத்திக்குள் புகுந்த வாவி

போன ஞாயிறு பின்னேரம் என் மனைவி பயிற்றைக் கொடிப் பாத்தியிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்தாள். நான் கிணற்றுக்கட்டுக்குப் பின்னால் நின்றேன். ஒளிந்து நின்றேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்... குனிந்து நின்றேன், அவ்வளவுதான்.

குருக்கள்மடத்தில் எங்கள் வளவு முழுக்க மணல். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால், 'எங்கே?' என்று கேட்கும். அந்த மணலில் நாலு வருடமாகச் சருகும் சாணமும் வாழைத்தடலும் போட்டுப் போட்டு, மூன்று பாத்திகளைக் கறுப்பாக்கி வைத்திருந்தாள் மனைவி. பிடித்தால் உருண்டையாக நிற்கும். கிண்டினால் மண்புழு. அந்த நாலு வருடமும் நான் என்ன செய்தேன்? பத்திரிகையில் இந்தப் பத்தியை எழுதினேன்.

பத்து நாளைக்குக் கொக்கட்டிச்சோலையில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்கு அவள் போகும்போது ஒரே ஒரு கட்டளைதான்.

"விடியவும் பின்னேரமும் தண்ணி ஊத்துங்க. வேற ஒண்டும் செய்யாதீங்க."

இரண்டாம் நாள் மத்தியானம் இலைகள் துவண்டன. அந்த வெயிலில் எது துவளாது? நானும்தான் துவண்டேன். ஆனால் பயம் பிடித்தால் எனக்கு மூளை நின்றுவிடும் — கை மட்டும் ஓடும். மண்ணை எதையாவது போட்டு மூடினால் ஈரம் நிற்கும் என்று எங்கோ வாசித்த ஞாபகம். எதைப் போடுவது? பக்கத்து வளவு யோகன் அண்ணன் வாவிக்கரையில் ஒதுங்கும் பாசியை அள்ளித் தன் தென்னைகளுக்குப் போடுவார். அவை மதமதவென்று நிற்கின்றன. வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

ஆறு தள்ளுவண்டிப் பாசி. மூன்று பாத்திகளையும் போர்த்திவிட்டேன்.

ஐந்தாம் நாள் இலை ஓரமெல்லாம் கருகியது. யோகன் அண்ணன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, இலையெல்லாம் அயன் பண்ணினியா?"

"நீங்க போடுற பாசிதான் அண்ணன்."

"வாவிக்குக் கடல் தண்ணி வரும்; அது உப்புத்தண்ணிப் பாசி. தென்னை தாங்கும். பயித்தை தாங்குமா?"

"மறுகா இப்ப என்ன செய்யிற?"

"தங்கச்சி எப்ப வாறா?"

"ஞாயிறு."

"அப்ப நீ சனிக்கிழமையே எங்கயும் போயிரு."

போகவில்லை. பாசியை அள்ளி எறிந்துவிட்டு, உப்பைக் கழுவ இரண்டு நாள் மோட்டாரை ஓடவிட்டேன். உப்புப் போனதோ தெரியாது. நாலு வருடச் சத்து மணலுக்குள் இறங்கிப் போனது நன்றாகத் தெரிந்தது. கறுப்பு வெளிறியது. அதற்கடுத்த நாள், இறைத்த இறைப்பில் கிணற்றுத் தண்ணீரே கரித்தது. செடி செத்தால் இன்னொரு விதை போடலாம். மண் செத்தால்?

ஞாயிறு மனைவி பஸ்ஸால் இறங்கினாள். கையில் ஓர் உரப்பை — அக்கா வீட்டு ஆட்டெரு. வழிநெடுக மடியில் வைத்துக்கொண்டு வந்தாளாம். பக்கத்து சீட்டில் யாரும் இருக்கவில்லையாம், வசதியாக இருந்ததாம்.

பிறகுதான் அந்தச் சிட்டிகை. துப்பினாள்.

"கடைக்குப் போனா உப்பு மட்டும் வாங்க மறந்திருவீங்க."

சிரிக்கப் பார்த்தேன். அவள் முழங்காலூன்றி இருந்து மூன்று பாத்திகளையும் விரலால் கிண்டினாள். வெகுநேரம் கிண்டினாள். ஒரு புழு இல்லை.

"பழையபடி வர எத்தின வருசம் போகும்?" என்று கேட்டேன்.

"எனக்கு அம்பத்திரண்டு வயசு" என்றாள். பையை அவிழ்க்காமலே சுவரோடு சாத்திவிட்டு உள்ளே போனாள்.

அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. அவிழ்க்க எனக்குக் கை வருகுதில்லை... வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் செய்யாமல் இருக்கிறேன்.

தோட்டம் பற்றி என்னிடம் ஆலோசனை கேட்க விரும்புவோர் எழுதலாம் — தென்னை வைத்திருப்போர் மட்டும்.