ஹீரோ பேனரில் அம்மாவின் இடம்

ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனராக வேலை பார்க்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் தெருவுக்குப் போகும். போட்டோ கொடுக்கிறவர்கள் கிளம்பும்போது மறக்காமல் ஒன்று சொல்வார்கள். "கொஞ்சம் கலர் ஏத்திப் போடும்மா." நானும் கறுப்புதான். ஆனாலும் கேட்டதும் ஏற்றிவிடுவேன். இறந்தவர்களுக்குக்கூட ஏற்றியிருக்கிறேன்.

சுந்தரபாண்டியம் பக்கம் ஒரு சினிமா எடுத்தார்கள். வேறு சாதிப் பெண்ணை விரும்பிய ஒரு பையனைக் கொன்றுவிடுகிறார்கள். அவனுடைய அம்மா வழக்கை விடாமல் நடத்துகிறாள். அதுதான் கதை. அம்மா வேடத்துக்கு அந்த ஊரிலேயே களையெடுக்கப் போகிற ஒரு பெண்ணைப் பிடித்தார்கள். ஐம்பது வயதிருக்கும். அதற்கு முன்னால் கேமராவைப் பார்த்ததில்லை. படம் முழுக்க அவர்தான் வருகிறார் என்று பேச்சு. இடைவேளைக்குப் பிறகு வக்கீலாக வருகிறவர் பெரிய ஹீரோ.

படம் வெள்ளிக்கிழமை ரிலீஸ் என்றால், புதன்கிழமை மதியம் ஸ்ரீவில்லிபுத்தூர் தியேட்டர் மேனேஜர் போன் செய்தார்.

"சென்னையில இருந்து ஃபைல் அனுப்பியிருக்காங்க. இருபதுக்குப் பத்து அடிச்சுக் குடும்மா. ஆக்‌ஷன் படம் மாதிரி தெரியணும். சாதி, கொலைன்னு ஒரு வார்த்தை வரக்கூடாது. சென்சிட்டிவ் மேட்டர். எல்லாத் தெருக்காரங்களும் படம் பாக்க வரணும்லா."

ஃபைலைத் திறந்தேன். கறுப்பு கவுனில் ஹீரோ முஷ்டியை மடக்கி நின்றார். அவர் காலடியில், வலது ஓரத்தில், ஷூ அளவுக்கு ஒரு பெண் முகம். சென்னையிலேயே அதைக் கோதுமை நிறத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். படம் உயரவாக்கில் இருந்தது. பேனருக்கோ அகலவாக்கில் வேண்டும். ஹீரோ முகம் பெரிதாக வர வேண்டுமென்றால் கீழே வெட்டியாக வேண்டும். வெட்டினேன். அந்தப் பெண் முகம் போய்விட்டது. அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

திங்கட்கிழமை காலையில் ஒரு அம்மா கடைக்குள் வந்தார். நல்ல கறுப்பு, ஒல்லி.

"தியேட்டர் வாசல்ல இருக்கிற பேனரைச் செஞ்சது யாரும்மா?"

"நான்தான். நீங்க யாருக்கா?"

"அந்தப் படத்துல அம்மாவா நடிச்சவ."

எனக்கு அடையாளமே தெரியவில்லை. நான் பார்த்திருந்தது அந்தக் கோதுமை நிற முகத்தைத்தான்.

முதல் நாளே தன் தெருக்காரர்களை இரண்டு வேனில் தியேட்டருக்குக் கூட்டிப்போயிருக்கிறார். எல்லோரும் இறங்கிப் பேனர் முன்னால் நின்று அவரைத் தேடியிருக்கிறார்கள். "எங்க நிக்கேன்னு எங்க மதினி கேக்கா. நான் என்னத்தச் சொல்ல?"

"உயரம் பத்தலக்கா. அதான்..."

"பத்தலைன்னா என்னையத்தான் வெட்டணுமா?"

ஃபைலைக் காட்டச் சொன்னார். காட்டினேன். திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார்.

"இது யாரு?"

"நீங்கதான்."

சிரித்துவிட்டார். "சூட்டிங்ல என்னைய அம்புட்டு நாளும் வெயில்ல உக்கார வச்சாக, இன்னும் கறுக்கணும்னு. எனக்கு மகளா நடிச்ச பிள்ளை வடக்க இருந்து வந்தது, நல்ல செவப்பு. அதுக்குத் தினம் காலையில ஒரு மணி நேரம் கறுப்பு பூசுவாக. சாயங்காலம் கழுவிட்டுப் போயிரும். படத்துக்குக் கறுப்பு வேணும், போஸ்டருக்கு மட்டும் ஆகாதாக்கும்?"

பிறகு தன் போனை எடுத்து ஒரு போட்டோவைக் காட்டினார். கோர்ட் படியில் மஞ்சப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஷூட்டிங் போட்டோகிராபர் எடுத்துக் கொடுத்ததாம். "இதை வச்சு எனக்கு ஒண்ணு அடிச்சுக் குடு. தியேட்டர்ல கட்டணும்."

போட்டோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும், பழக்கத்தில் என் கை தானாக வெளிச்சத்தைக் கூட்டப் போனது.

"அதைத் தொடாதம்மா. இருக்கபடி இருக்கட்டும்."

'படத்தின் நாயகி' என்று போடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். "'அம்மாவாக நடித்தவர், சுந்தரபாண்டியம்'னு போடு. போதும்."

ஆறுக்கு நாலில் அடித்தேன். தியேட்டரில் கட்டுவதற்கு மேனேஜரிடம் போனில் கேட்டேன். ஸ்பீக்கரில் போட்டிருந்ததை மறந்துவிட்டேன்.

"முடியாதும்மா. ஹீரோ முகத்துக்குப் பக்கத்துல வேற முகம் பெருசா வரக்கூடாதுன்னு எழுதியே வாங்கியிருக்காங்க. போக, அந்தம்மா மூஞ்சியைப் பாத்தா இது எந்தத் தெருப் படம்னு கண்டுபிடிச்சிருவாங்க. பாதிப் பேர் உள்ளயே வர மாட்டாங்க."

அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். பேனரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தார். "நானே போயிக் கேக்கேன்."

எனக்குக் கடையில் உட்காரப் பிடிக்கவில்லை. ஓனரிடம் சொல்லிவிட்டு அவரோடு பஸ் ஏறினேன்.

மேனேஜர் எங்களைக் கண்டதும் எழுந்துவிட்டார். போனில் பேசியதை நேரில் அவரால் சொல்ல முடியவில்லை. நாற்காலி எடுத்துப் போட்டார். அந்த அம்மா உட்காரவில்லை.

"அவர் பக்கத்துல கட்டுங்கன்னு நான் கேக்கல. படம் பாத்துட்டு வெளிய வாரவுக இது யாருன்னு கேட்டா, அவுகளுக்குத் தெரியணும். அம்புட்டுதான்."

மேனேஜர் பைக் ஸ்டாண்டுப் பக்கம், ஜனங்கள் வெளியே வரும் வழியில் கட்டிக்கொள்ளச் சொன்னார். நாங்களே சணல் வாங்கிக் கட்டினோம். வந்ததற்கு மேட்னி பார்த்துவிட்டுப் போங்கள் என்றார்.

அதுவரை நான் அந்தப் படத்தைப் பார்த்திருக்கவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். போலீஸ் ஸ்டேஷனில் மகனின் சட்டையை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுக்கிறார்கள். அவர் அழவில்லை. மேஜை மேல் விரித்து, பட்டன் எல்லாம் போட்டு, நீவி மடிக்கிறார். "இதை ஏழு தடவை எடுத்தாக," என்று என் காதில் சொன்னார். நான் அழுதுகொண்டிருந்தேன். கொஞ்சம் அந்தக் காட்சிக்காக, கொஞ்சம் என் வெட்கத்துக்காக. ஹீரோ வந்ததும் விசில் பறந்தது. ஏற்கெனவே அந்த அம்மா ஒரே வரியில் சொல்லி முடித்ததை, அவர் கோர்ட்டில் பத்து நிமிஷம் சத்தமாகச் சொன்னார்.

படம் விட்டதும் பைக் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பெண்கள் நின்றுவிட்டார்கள். பேனரைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள். ஒரு பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஊர் எது, தெரு எது என்று ஒன்றும் கேட்கவில்லை.

"நெசமாவே உங்க மகனுக்கு நடந்ததாம்மா?"

"இல்ல தாயி. எனக்கு ரெண்டும் பொம்பளைப் பிள்ளைக."

இரண்டாவது வாரம் ரசிகர் கூட்டம் வற்றிவிட்டது. பெண்கள் மட்டும் வேன் பிடித்து வந்தார்கள். மேனேஜரே அந்தப் பேனரை அவிழ்த்து வாசலில் கட்டினார். இரண்டு நாள் அங்கே இருந்தது. யாரோ போட்டோ எடுத்து அனுப்ப, சென்னையிலிருந்து போன் வந்ததும் மறுபடி பைக் ஸ்டாண்டுக்கே போனது. அந்த வாரத்தோடு படத்தையும் எடுத்துவிட்டார்கள்.

சில மாதம் கழித்து ஒரு டிவி சீரியலுக்கு அவரைக் கூப்பிட்டார்கள். எழவு வீட்டுக் காட்சியாம். எனக்குப் போன் செய்து சொன்னார்.

"எனக்கு என்ன பேச்சு இருக்குன்னு கேட்டேன். பேச்சு இல்லம்மா, நெஞ்சுல அடிச்சு அழணும், அம்புட்டுதான்னாக. அழுறதுக்குன்னா வேற ஆளைப் பாருங்க, எங்களுக்கு நாளைக்கு நடவு இருக்குன்னு சொல்லிட்டேன்."

மறுநாள் நடவுக்குத்தான் போனார்.