துடைக்காமல் விட்ட ஒரு பொட்டு

மூன்று வருடங்களுக்கு முன் ஆயுத பூஜை அன்று நடந்தது இது. காலையில் கரையான்சாவடியில் எங்கள் அடுக்குமாடி வாசலில் தொடங்கி, மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. முடிந்துவிட்டது என்று என் கணவர் சொல்கிறார்.

அவரும் அவருடைய நண்பரும் சேர்ந்து ஒரு குட்டி விமானம் வைத்திருக்கிறார்கள். இதைக் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு எங்களைக் கோடீஸ்வரர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படியெல்லாம் இல்லை. இரண்டே பேர் உட்காரக்கூடிய, எனக்குச் சில வயதே இளைய பழைய விமானம். கணவர் அம்பத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறார். நண்பர் அதே ஊரின் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் பட்டறை நடத்துகிறார், அங்கேயே பிறந்து வளர்ந்தவர். இருவரும் முறையாகப் பயிற்சி எடுத்து லைசென்ஸ் வாங்கியவர்கள். விமானம் நிற்பது எங்கள் வீட்டிலிருந்து காரில் இரண்டு மணி நேரத் தொலைவில், ஒரு தனியார் ஓடுபாதையின் ஓரத்துத் தகரக் கொட்டகையில்.

சொந்த விமானம் என்றால் எப்போதும் வானத்தில் இருப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை அது பெரும்பாலும் தரையில் துணியும் கையுமாக நிற்கிற வேலை. ஒரு மணி நேரம் பறக்க எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் துடைக்க வேண்டும், எண்ணெய் பார்க்க வேண்டும், அனுமதிக்கு அலைய வேண்டும். குளவித் தொல்லை வேறு. இறக்கையின் அடியில் ஒரு சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். எதிர்க்காற்று அதற்குள் புகுந்தால்தான் வேகம் காட்டும் முள் நகரும். குளவி அதில் மண்ணை அடைத்துவிட்டால் ஓட்டுகிறவருக்கு வேகம் தெரியாது. அதனால் அந்தக் குழாய்க்கு ஒரு உறை போட்டு வைத்திருப்பார்கள். நான் முதல் முறை அங்கே போனபோதே கணவர் இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தார். ஒரு நாளிதழில் இருபது வருடமாகப் பிழை திருத்துகிற வேலை எனக்கு. ஒரு விவரத்தைக் காதில் வாங்கினால் விடமாட்டேன் என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது.

விமானத்தில் நான் ஒரு தடவைகூட ஏறியதில்லை. பயம். அவர் மேலே போய்த் திரும்பி வரும்வரை கீழே நின்றுகொண்டே இருப்பேன், உட்கார முடியாது. இதை அவரிடம் சொன்னதில்லை.

அந்த வருடம் விமானத்துக்கு வருடாந்திரப் பரிசோதனை முடிந்திருந்தது. அதற்கென்று உரிமம் பெற்ற இன்ஜினியர் ஒருவர் வந்து, முன்பலகையில் இருக்கும் மீட்டர்களைக் கழற்றிச் சரிபார்த்து மாட்டிவிட்டுப் போயிருந்தார். அதன் பிறகு முதல் தடவையாக, கணவர் மட்டும் தனியாக, ஆயுத பூஜை அன்று முற்பகலில் பறந்து பார்ப்பதாக ஏற்பாடு.

காலையில் கிளம்பும்போது கீழ்த்தளத்தில் இருக்கிற ஆட்டோக்காரர் தன் வண்டிக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா, பிளேனுக்கு எத்தினி எலுமிச்சம்பயம்?" என்றார்.

"மூணு."

"மூணு வீலுதானா? அப்போ அதுவும் நம்ம ஜாதிதான், றெக்க வெச்ச ஆட்டோ. அண்ணனாண்ட சொல்லுக்கா, மீட்டர் போட்டு ஓட்டச் சொல்லு."

"யோவ், நீ மொதல்ல மீட்டர் போட்டு ஓட்டு," என்று உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தாள். என் கணவர் சிரித்துக்கொண்டே காரை எடுத்தார்.

நண்பர் எங்களுக்கு முன்பே போய்க் கொட்டகையைத் திறந்து, விமானத்தைக் கழுவி, வெயிலில் நிறுத்தியிருந்தார். வீட்டிலேயே கெட்டியாகக் குழைத்துக் கொண்டுபோயிருந்த சந்தனத்தை எடுத்து நான் பொட்டு வைக்க ஆரம்பித்தேன். மூக்கில், இறக்கைகளில், வாலில், சக்கரங்களில், கதவுகளில். சந்தனம் வைத்து அதன் மேல் குங்குமம். இடது பக்கம், கதவுக்கு முன்னால், ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வட்டத் தட்டு பதித்திருந்தது. நடுவில் ஊசி முனை போல ஒரு துளை, சுற்றிலும் சிவப்பில் பொடி எழுத்து. பொட்டு வைப்பதற்கென்றே செய்த இடம் போல இருந்தது. எழுத்து அழிந்துவிடக் கூடாது என்று மோதிர விரலால் நடுவில் பார்த்து வைத்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை.

தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழங்களை நசுக்கி விமானத்தை ஓரடி முன்னே தள்ளினோம்.

"பொட்டெல்லாம் துடைச்சிடும்மா. வெயில்ல காஞ்சா பெயின்ட்ல ஒட்டிக்கும்," என்றார் கணவர். "நான் அதுக்குள்ள பெட்ரோல் பார்த்துட்டு வந்துடறேன்."

ஈரத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு வந்தேன். கடைசியாக அந்தத் தட்டில் இருந்த பொட்டு மட்டும் பாக்கி. அங்கே கை நின்றுவிட்டது. புருஷன் கிளம்புகிற நேரத்தில், கடைசிப் பொட்டையும் என் கையாலேயே அழிப்பதா என்று தோன்றியது. ராசிபலன் பத்தியைச் சிரித்துக்கொண்டே திருத்துகிறவள் நான். அப்படியும் தோன்றியது. ஒன்று மட்டும் இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

அப்படியே விட்டால் அவர் பார்த்துவிட்டுத் துடைப்பார். அதனால் குங்குமத்தை மேலாக ஒற்றி எடுத்துவிட்டு, சந்தனத்தைக் கட்டை விரலால் அழுத்தித் தேய்த்து மெல்லியதாக்கினேன். தட்டுக்கும் விமானத்துக்கும் அடித்திருந்த நிறம் கிட்டத்தட்ட சந்தன நிறம்தான். இரண்டடி தள்ளி நின்றால் ஒன்றும் தெரியவில்லை.

"ஆச்சா?" என்று கேட்டார்.

"ஆச்சு."

"எல்லாம்?"

"எல்லாம்."

பறப்பதற்கு முன் அவர் எப்போதும் விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கையால் தொட்டுப் பார்ப்பார். அன்றும் பார்த்தார். குழாயின் உறையைக் கழற்றினார், இறக்கையை ஆட்டினார், எண்ணெய் பார்த்தார். இடது பக்கம் வந்தபோது கதவுக்கு முன்னால் நான் நின்றுகொண்டிருந்தேன். "அண்ணாத்தே, டைம் ஆவுது, பெர்மிசன் முட்ஞ்சிடும்," என்றார் நண்பர். கணவர் என் தோளைத் தட்டிவிட்டு ஏறிக்கொண்டார். அந்தத் தட்டு என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நான் அங்கே தற்செயலாக நிற்கவில்லை.

விமானம் நன்றாகத்தான் ஓடியது, நன்றாகத்தான் எழும்பியது. நண்பர் வாக்கிடாக்கியைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். பனைமரங்களைத் தாண்டியதும் கணவரின் குரல் வந்தது.

"ஏறிட்டிருக்கேன். ஆனா உயரம் காட்டுற முள் நகரவே இல்ல, தரையிலயே நிக்குது. ஸ்பீடும் கொறஞ்சிட்டே வருது."

"சவுண்டு நல்லாத்தான் கீது. ஏறிகினுதான் கீற, கண்ணால பாக்கறேன்."

"முள்ளப் பார்த்தா நான் இந்நேரம் விழுந்திருக்கணும்."

அதன் அபாயம் என்ன என்பதை நண்பர் பிறகு எனக்கு விளக்கினார். வேகம் குறைந்தால் விமானம் கல் போல இறங்கிவிடும், அதனால் ஓட்டுகிறவர் உடனே மூக்கைக் கீழே சாய்த்து வேகத்தைக் கூட்ட வேண்டும். முள் பொய் சொல்கிறது என்றால், தேவையே இல்லாமல் தரையை நோக்கி வேகமாகப் போவார். முள் நிஜம் சொல்கிறபோது நம்பாமல் விட்டாலும் முடிந்தது. எது பொய் என்று தெரியாமல் அவர் மேலே வட்டமடித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் அந்த இன்ஜினியரு பண்ண வேல," என்றார் நண்பர். "மீட்டர கெயட்டி மாட்டுன லட்சணத்தப் பாரு. டியூப ஒயுங்கா சொருகாம பூட்டாம்போல. வரட்டும், வெச்சுக்கிறேன்."

பிறகு அவர் ஏதோ யோசித்து என் பக்கம் திரும்பினார்.

"அண்ணி, தொடச்சீங்கோ இல்ல, சைடுல ஒரு தட்டு இருக்குமே, அதும்மேல எதனா ஒட்டிகினு இருந்துச்சா?"

"எந்தத் தட்டு?" என்றேன்.

இந்த இரண்டு வார்த்தைகளைத்தான் நான் சொல்ல வந்தேன். மற்றதெல்லாம் அறியாமை என்று சொல்லித் தப்பிக்கலாம். இது அறியாமை இல்லை. எந்தத் தட்டு என்று அந்த நேரத்தில் என்னைவிடத் தெரிந்தவர் உலகத்தில் யாரும் இல்லை.

அவர் பாவம், பொறுமையாக விளக்கினார். வெளிக்காற்றின் அழுத்தம் அந்தத் துளை வழியாகத்தான் உள்ளே போகும், உயரம், வேகம், ஏறுகிற கணக்கு மூன்று மீட்டருக்கும் அதுதான் மூக்கு மாதிரி, அது அடைத்தால் எல்லாம் உளறும் என்று விரலால் வட்டம் போட்டுக் காட்டினார். தலைக்கு மேல் விமானம் இன்னொரு சுற்று வந்தது. நான் அவர் விரலைப் பார்த்துக்கொண்டு, எப்படிச் சொன்னால் என் மேல் வராது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"சந்தனம் ஏதாவது பட்டிருக்குமோ என்னமோ," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார்.

"நான்தான் வெச்சேன். தொடைக்கல. தேய்ச்சு விட்டுட்டேன்."

அவர் உடனே வாக்கிடாக்கியை வாய்க்குக் கொண்டுபோனார். "அண்ணாத்தே, மீட்டர் மேல தப்பு இல்ல. சைடு ஓட்ட அடச்சிகினு கீது. சந்தனம். ஏர்ற மீட்டரு கண்ணாடிய ஒட, காத்து உள்ள பூரும்."

மேலேயிருந்து "சந்தனமா?" என்று ஒரே வார்த்தை வந்தது.

கணவர் டார்ச்சால் அந்த மீட்டரின் கண்ணாடியை உடைத்தார். விமானத்துக்குள் இருக்கிற காற்று அந்த உடைசல் வழியாகப் புகுந்ததும் மற்ற இரண்டு முட்களும் ஏறக்குறைய சரியாகிவிட்டன. "வந்துடுச்சு," என்ற குரல் கேட்டது. ஆனாலும் முழுதாக நம்பாமல், வேகத்தைக் கூடுதலாகவே வைத்து இறங்கினார். சக்கரம் தரையில் பட்டு எழும்பியது, மறுபடி பட்டது, ஓடுபாதை முடிந்து, புல்லுக்குள் கொஞ்ச தூரம் ஓடி நின்றது.

நாங்கள் ஓடிப்போனபோது அவர் இறங்கி அந்தத் தட்டின் முன் நின்றிருந்தார். வலது உள்ளங்கையில் கண்ணாடி கிழித்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. இடது கை நகத்தால் சுரண்டினார். காய்ந்த சந்தனம் ஒரு பொடி முளையாக வெளியே வந்தது. நான் தேய்த்து மெல்லியதாக்கியபோதுதான் அது துளைக்குள் போய் இறுகியிருக்கிறது. சுற்றிலும் இருந்த சிவப்பு எழுத்தை அப்போதுதான் படித்தேன். துளையை அடைக்காதீர்கள் என்று ஆங்கிலத்தில் இருந்தது.

"அண்ணி, அடுத்த வாட்டி எனக்குப் பொட்டு வெச்சு வுடுங்கோ. நானு எப்டியும் தரையிலதான் கீறேன்," என்றார் நண்பர்.

கணவர் கோபப்படவில்லை. "வேற எங்கயாவது விட்டிருக்கியா?" என்று மட்டும் கேட்டார். திட்டுவதற்காகக் கேட்ட கேள்வி இல்லை அது, அவருக்கு விவரம் தேவைப்பட்டது. இல்லை என்றேன். தலையாட்டினார். பிறகு கைக்குட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு, விமானத்தை மூக்கிலிருந்து வால் வரை தானே ஒரு முறை தடவிப் பார்த்தார். இல்லை என்று நான் சொல்லி அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

தன்மேல்தான் தவறு, தட்டைத் தானே பார்த்திருக்க வேண்டும், யார் சொன்னாலும் கண்ணால் பார்க்காமல் ஏறக் கூடாது என்றுதான் இன்றுவரை சொல்கிறார். குடியிருப்பில் கேட்டவர்களுக்கு, மீட்டரில் ஒரு சின்னக் கோளாறு என்று முடித்துக்கொண்டார். அடுத்த வாரம் கண்ணாடி மாற்ற வந்த இன்ஜினியரை நண்பர் தோளில் கை போட்டு வரவேற்றார். அன்று அவரை எப்படி ஏசினார் என்பது அந்த இன்ஜினியருக்குத் தெரியாது. நான் அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்தேன், முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை.

இப்போதும் கணவர் பறக்கிறார், நானும் கொட்டகை வரை கூடப் போகிறேன். வீட்டில் எதுவும் மாறவில்லை, ஒன்றைத் தவிர. வெளியூர் கிளம்பும்போது லிஃப்ட் வாசலில் நின்று, "கேஸ் மூடியாச்சா?" என்று கேட்பார். மூடியாச்சு என்று சொல்வேன். உடனே ஷூவைக் கழற்றிவிட்டு, கதவைத் திறந்து உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவார். நல்ல பழக்கம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே கேள்விக்கு எங்கள் மகள் மூடியாச்சு என்று சொன்னால், அவர் லிஃப்ட் பொத்தானை அழுத்திவிடுகிறார்.

அவர் ஷூவைக் கழற்றக் குனியும் ஒவ்வொரு முறையும், அவர் உயிருக்காகத் துடிக்கிறேன் என்று நான் நம்பிக்கொண்டிருந்த அதே பயம், அவர் மேலே தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தபோது முதலில் என் பெயரைக் காப்பாற்றத்தான் ஓடியது என்பது என் கண் முன்னால் வந்து நிற்கிறது.