ஆறாம் மாதத்துக் கிரகணம்

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. எங்கள் ஊர் கீழ்வேளூருக்குப் பக்கம். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு மேடையேறியவர் அப்பா. பண்ணையாரிடம் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டவரும் அவர்தான். சூரிய கிரகணத்தன்று தெருவிலேயே அடுப்பு மூட்டி, ஆறு மாதக் கர்ப்பிணியான அம்மாவை உட்காரவைத்து வாழைக்காய் நறுக்கச் சொன்னார். ஒன்றும் ஆகாது என்று ஊருக்குக் காட்டவேண்டுமாம். அம்மா நறுக்கினாள், சமைத்தாள், எல்லோர் முன்னாலும் சாப்பிட்டாள். கைதட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தம்பி பிறந்தபோது இடுப்புக்கு மேலே முதுகில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. கால்கள் அசையவில்லை. "வாழைக்காய நறுக்குனியே, அதான் புள்ள முதுகு பிளந்துகிட்டு வந்துருக்கு," என்று அத்தை அம்மாவின் முகத்துக்கு நேராகவே சொன்னாள். பண்ணைக் காரியக்காரர் சும்மா இருப்பாரா? ஊரெல்லாம் அதையே பரப்பினார்.

நறுக்கச் சொன்ன மனுஷன் "அது பொய்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊஹூம். கூட்டத்துக்கு வருகிறவர்கள் கண்ணில் படாமல் பிள்ளையை அடுப்படியிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார்.

தம்பியின் தலை மட்டும் மளமளவென்று பெருத்தது. சித்தி தைத்த தொப்பி பதினைந்தே நாளில் பற்றவில்லை. பெரிய அறிவாளியாகப் போகிறான் என்று நான் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டேன்.

அம்மாதான் பயந்தாள். "உச்சி பொடைச்சுக்கிட்டு நிக்குதுங்க. குடிச்ச பாலெல்லாம் கக்குறான். ஆஸ்பத்திரிக்குப் போயிடலாங்க."

"கூலி விவகாரம் முடியட்டும். இப்பத் தூக்கிட்டுப் போனா அவனுவ ஊரக் கூட்டிச் சிரிப்பானுவ," என்றார் அப்பா.

மூன்று மாதம் போயிற்று. கட்டியின் தோல் கிழிந்து காய்ச்சல் வந்த அன்று அம்மா யாரையும் கேட்கவில்லை. தம்பியைத் தூக்கிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறிவிட்டாள். அப்பா அடுத்த பஸ்ஸில் வந்து சேர்ந்தார்.

"முதுகெலும்பு சரியா மூடல. மூளையில தண்ணி வடியாமத் தேங்கித் தலை வீங்கியிருக்கு," என்றார் டாக்டர். "பொறந்தவுடனே வந்திருந்தா மெட்ராஸுக்கு அனுப்பி, முதுக மூடி, தண்ணி வடியக் குழாய் வச்சிருக்கலாம். இப்பச் சீழ் மூளைக்கே போயிடுச்சேம்மா."

அம்மா அழவில்லை. "கிரகணத்துல நறுக்குனதாலயாங்கய்யா?"

"அப்ப எத்தனாவது மாசம்?"

"ஆறு."

"இது மூட வேண்டியது முதல் மாசத்துலம்மா. புள்ள உண்டானதே உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. கிரகணமும் காரணமில்ல, கத்தியும் காரணமில்ல."

"அதை அவருகிட்ட சொல்லுங்கய்யா," என்றாள். டாக்டர் அப்பாவைப் பார்த்து மறுபடியும் சொன்னார்.

தம்பி அந்த வாரமே போய்விட்டான்.

ஊர் திரும்பி பஸ்ஸைவிட்டு இறங்கியபோது டீக்கடையில் பாதி ஊர் உட்கார்ந்திருந்தது, காரியக்காரரும்தான். "டாக்டர் என்னதான் சொன்னாரு?" என்று கேட்டார்.

"என்னத்தச் சொல்றது? எல்லாம் விதி," என்றார் அப்பா.

விதியாம்! கறுப்புச் சட்டைக்காரர் வாயில்! அம்மா நின்று அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு எங்களுக்கு முன்னால் நடந்தாள்.

கிரகணம் காரணமில்லை என்று சொல்லிவிட்டால் அந்த மூன்று மாதம் யார் தலையில் வந்து விழும் என்று அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. பாவம், டாக்டர் சொன்னது அவருக்கு மறந்துபோய்விட்டது என்று நினைத்து, "முதல் மாசம்பா, முதல் மாசம்," என்று வீடு வரைக்கும் எடுத்துக் கொடுத்துக்கொண்டே போனேன்.