டொராண்டோ – சென்னை – திருவண்ணாமலை: எனக்கு முன்னால் வந்து சேர்ந்தவன்

டொராண்டோவிலிருந்து சென்னைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று இங்கே அடிக்கடி கேட்கிறீர்கள். போன மாசியில் நான் போன கணக்கைச் சொல்கிறேன். ஊர் சுற்றப் போகவில்லை. "அண்ணா, அப்பாவுக்கு இழுத்துக்கிட்டு இருக்கு. உன் பேரையேதான் சொல்றாரு. உடனே கெளம்பு" என்று தங்கை மாலதி போன் செய்தாள். அவர் கண்மூடுவதற்குள் முகத்தைக் காட்டிவிட வேண்டும், அவ்வளவுதான்.

நேர்க்கோட்டில் ஏறக்குறைய பதின்மூவாயிரத்து நானூறு கிலோமீட்டர். நேரடி விமானம் கிடையாது. துபாய் வரை பதின்மூன்று மணி நேரம், அங்கே நான்கு மணி நேரக் காத்திருப்பு, பிறகு சென்னைக்கு இன்னொரு நான்கு. முன் இருக்கைத் திரையில் ஒரு பொம்மை விமானம் நகர்ந்துகொண்டே இருக்கும். தயவுசெய்து அதையே பார்த்துக்கொண்டு வராதீர்கள், பைத்தியம் பிடித்துவிடும்.

காலையில் சென்னையில் இறங்கி போனை ஆன் செய்ததும் மாலதியின் செய்தி. "அண்ணா, அப்பா உன்னப் பாத்துட்டாரு. கஞ்சி குடிச்சாரு." அவள் அதை அனுப்பியபோது நான் அரபிக்கடலுக்கு மேலே இருந்தேன். கூப்பிட்டால் எடுக்கவில்லை.

விமான நிலையத்திலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாக நூற்றெண்பது கிலோமீட்டர் சொச்சம். காரில் நான்கு மணி நேரம், நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். ஓட்டுநரிடம் செய்தியைக் காட்டினேன். "அவசரத்துல ஏதோ மாத்தி அனுப்பியிருப்பாங்க சார்" என்றார். மலை தெரிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குக் கை எழவில்லை.

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் எங்கள் வீடு. நல்ல உச்சி வெயில். எதிர்வீட்டு அம்மா என்னைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டார். "காலைலயே வந்துட்டீங்கன்னு சொன்னாங்களே!" உள்ளே கட்டிலில் அப்பா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், என் பழைய கட்டம் போட்ட சட்டையில், முதுகைக் காட்டியபடி நான். ஐயோ, சத்தியமாக அப்படித்தான் தோன்றியது. அவன் திரும்பினான். சித்தப்பா மகன் குமார்.

மாலதி என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போய் அழுதாள். உயிர் பிரியாமல் தவிப்பவருக்குப் பிள்ளை கையால் பால் ஊற்றுவது எங்கள் வழக்கம். "கண்ணு வேற சரியா தெரியல அண்ணா. யாராச்சும் நீதான்னு சொல்லி ஊத்துங்க, நிம்மதியா போவாருன்னு பெரியவங்க சொன்னாங்க. இவன் உன் சட்டையப் போட்டுக்கிட்டு ஊத்தினான். எழுந்து ஒக்காந்துட்டாரு!"

கட்டிலருகே போய், "அப்பா, நான்தான் செந்தில்" என்றேன்.

வெகுநேரம் பார்த்தார். குமாரின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "செந்தில் இதோ இருக்கானே. கனடாவுலேர்ந்து எனக்காவ ஓடியாந்துட்டான்" என்றார் பெருமையாக. "நீங்களும் ரொம்ப தூரமா? நின்னுக்கிட்டே இருக்கீங்களே, சாப்ட்டுப் போங்க."

குமார் எழப் பார்த்தான். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் அப்பாவின் முகத்தில் அப்படியொரு சிரிப்பு. எழாதே என்று கையைக் காட்டிவிட்டு நகர்ந்தேன்.

மாலையில், அவன் கையைப் பிடித்தபடியே போய்விட்டார். கொள்ளி நான்தான் வைத்தேன்.

இப்படி அவசரமாகக் கிளம்புகிறவர்கள் துபாயில் காத்திருப்பு கம்மியான டிக்கெட்டாகப் பாருங்கள். பெரிய பெட்டி வேண்டாம், கைப்பை போதும். விமானம் ஏறும்முன் வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: எவ்வளவு இழுத்தாலும் உங்கள் பெயரைச் சொல்லி வேறு யாரும் பால் ஊற்ற வேண்டாம்.

போவதற்குச் சற்று முன் அப்பா மாலதியைக் கூப்பிட்டார். அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

"வந்தவரு சாப்ட்டாராம்மா?"